யானை என்று சொன்னது பற்றி

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மகள் வீட்டு ஏ.சி. குறைவின்றி ஓடுவதும், அதன் கீழே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பதும் அறிந்து மகிழ்ச்சி. பதில் தாமதம்தான். குழந்தை தூங்கும்போதுதான் எழுத முடியும், அவன் தூங்குவதில்லை.

நான் மன்னிப்புக் கேட்டால்தான் இங்கே திரும்பி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நடந்தது என்ன மாமா? குறைமாதப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை. "இவ பால்ல சத்து இல்ல" என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். நீங்கள் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டு, "பாரு, ஜில்லுன்னு ஆனதும் சத்தமில்லாம கிடக்கான்" என்றீர்கள். அந்த வயதில் குளிரெடுத்தால் நடுங்கக்கூடத் தெரியாது மாமா. விலங்கியல் படித்த வாய் சும்மா இருக்குமா? சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் அதிகம், சூடெல்லாம் அதன் வழியே போய்விடும், குடிக்கிற பால் சூடு காக்கவே சரியாகிவிடும், அதனால்தான் எலி நாள் முழுக்கத் தின்கிறது, யானையோ சூட்டை வெளியேற்ற முடியாமல் காதை விசிறிக்கொண்டு நிற்கிறது என்று பொதுவாகத்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து, ஏ.சி.யும் போதாமல் நீங்கள் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தது என் தலையெழுத்து.

"அப்ப நான் யானையா?" என்று எழுந்தீர்கள். "எங்கப்பாவைப் போய் இப்படிச் சொல்லலாமா?" என்று உங்கள் மகன் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். பெற்ற பிள்ளையை எலி என்றேனே, அதற்கு ஒருத்தருக்காவது கோபம் வந்ததா? யானைக்காக வீடே வரிந்துகட்டிக்கொண்டு வந்தது. எலி கைகால் சில்லிட்டுக் கிடந்தது.

ஆகவே மன்னிப்பெல்லாம் கிடையாது. எடை ஏறும்வரை அங்கேயே இருங்கள். ரிமோட் என் அலமாரிக்குள், பூட்டி வைத்திருக்கிறேன். அத்தைக்கும் அண்ணிக்கும் என் அன்பு. உங்கள் ஆசி குழந்தைக்கு என்றும் வேண்டும், தூரத்திலிருந்து.

இப்படிக்கு,
மருமகள்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் நர்ஸ் வந்து எடை பார்த்தார். ஏ.சி.யை நிறுத்தியும் குறைந்திருக்கிறது. "சட்டை போடாத மார்புல போட்டு, மேல போர்த்தி, நாள் முழுக்க அணைச்சே வெச்சிருக்கணும். நீங்க ஒருத்தரா எப்படிம்மா முடியும்? வீட்ல நல்ல பெரிய உடம்பா யாரும் இல்லையா?" என்றார். உங்கள் மகனைக் காட்டினேன். நர்ஸ் சிரித்துவிட்டார். மாமா, மன்னிப்புக் கேட்கிறேன், எதற்கு வேண்டுமானாலும். உடனே கிளம்பி வாருங்கள். கோபம் தணிய வேண்டும் என்றுகூட இல்லை. அதோடேயே வாருங்கள், உடம்பு இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கும்.