மாமனாருக்கு எந்தக் கதிர்?

"விலை கிடக்கட்டும் சார். ஒழுகுமா, அதைச் சொல்லுங்க. எவ்வளவு நாளைக்கு ஒழுகும்?"

தராசு ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே வாஷிங் மெஷின் வாங்க வந்திருந்த அம்மாள், திறந்த கைப்பையை மெல்ல மூடினாள்.

"ஒழுகுமா? அப்ப எனக்கு வேண்டாம்பா."

"ஐயோ, மெஷினைப் பத்தி இல்லம்மா. மனுஷனைப் பத்தி!"

அந்த அம்மாள் இன்னும் வேகமாக வெளியேறினாள்.

கடையில் எல்லோரும் அவரைத் தராசு என்றே கூப்பிட்டார்கள். ஒரு சீப்பு வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்கி, நிறுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். அப்படிப்பட்டவரின் தோளில்தான் மாமனார் ஒரு நாள் கைபோட்டார்.

"புராஸ்டேட்ல புற்றுநோயாம் மாப்பிள்ளை. ஆரம்பம்தான், கதிர்வீச்சுல சரியாயிடுமாம். அதுலயே பல விதம் இருக்காம். விசாரிச்சுச் சொல்லுங்க. பொம்பளைங்களுக்குத் தெரிய வேண்டாம்."

சின்ன வயதிலேயே தகப்பனைப் பறிகொடுத்த தராசுக்கு அவர் வெறும் மாமனார் இல்லை. அன்றோடு தூக்கம் போயிற்று.

விசாரித்தார், விசாரித்தார், மாசம் ரெண்டு ஓடியும் விசாரித்துக்கொண்டே இருந்தார். வாரக்கணக்கில் தினமும் போய்வருவது ஒரு வகை, அலைச்சல். அஞ்சே தடவையில் முடிப்பது இன்னொன்று. ஆரம்பத்தில் சிறுநீர் எரிச்சலும் ஒழுகலும் இருக்கலாமாம். உள்ளே விதை மாதிரி பதித்துவிடுவதும் உண்டாம். புரோட்டான் கதிர் என்று ஒன்று; அதன் விலையைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அவ்வளவு கொடுத்தா பக்கவிளைவே இருக்காதா?"

"இருக்கலாம் சார்."

"அப்புறம் எதுக்கு சார் அவ்வளவு?"

எதிர்முனையில் ஃபோனை வைத்துவிட்டார்கள். திரும்பினால், பின்னால் முதலாளி.

"தம்பி... உனக்கா?"

"எனக்கில்ல சார், என் மாமனாருக்கு!"

"எல்லாரும் அப்படித்தான்பா சொல்லுவாங்க." முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

நிரூபித்தே தீருவது என்று தராசு அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டார். கடையே கூடி நின்றது.

"சார், இதனால தாம்பத்தியம் பாதிக்குமா?"

"வயசு என்ன சார்?"

"நாப்பத்திரண்டு," என்றார் பழக்கதோஷத்தில்.

கடையில் ஒரு மிக்ஸி டெமோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ மரியாதையாக அதை நிறுத்தினார்கள்.

கேஷியரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தராசு வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டாள். மறு நிமிடமே மனைவி அழுதுகொண்டு கூப்பிட்டாள்.

"எங்கிட்டயே மறைச்சிட்டீங்களே! உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?"

"எனக்கில்லடி! உங்கப்பாவுக்கு!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்பாவுக்கா? அப்பாடா!"

தராசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற தகப்பனுக்குப் புற்றுநோய் என்றால் 'அப்பாடா'வா? அதிர்ச்சியில் மூளை குழம்பிவிட்டதோ?

"ஏங்க, அது வந்து..."

"நீ எதுவும் பேசாதே. தண்ணி குடி. உக்காரு. இன்னிக்கே ஒரு முடிவு கட்டிடறேன்!"

வாழ்க்கையில் முதல் தடவையாக நிறுத்துப் பார்க்காமல் முடிவெடுத்தார். அஞ்சு தடவை வைத்தியம்தான். மாமனார் வீட்டுக்கு ஓடி, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரை அப்படியே ஆட்டோவில் ஏற்றினார்.

"மாப்பிள்ளை, நான் ஒண்ணு சொல்லணும்..."

"பயப்படாதீங்க மாமா. நான் இருக்கேன்ல?"

வழியெல்லாம் மாமனார் வாயைத் திறந்தார். திறக்கும்போதெல்லாம் தராசு தைரியம் சொல்லி மூடினார். நோயைக் கண்டுபிடித்த ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பிரிவு எங்கே என்று தராசு முழித்தபோது, மாமனார் தலையைக் குனிந்தபடி நேரே அங்கே நடந்தார்.

மூச்சு வாங்க, அறை வாசலில் நின்ற டெக்னீஷியன் பெண்ணிடம் தராசு சொன்னார்: "மேடம், நல்லா விசாரிச்சாச்சு. அஞ்சு தடவையில முடிக்கிறதுதான் எங்க முடிவு. இப்பவே ஆரம்பிச்சிடுங்க!"

அவள் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் கூரையைப் பார்த்தார்.

"ஐயாவுக்கு அந்த அஞ்சும் போன மாசமே முடிஞ்சிருச்சே சார்... 'மாப்பிள்ளை விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் வைத்தியத்தை முடிச்சுக்கறேன், அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்'னு மகளோட வந்து போனாரே!"