பள்ளத்து வீட்டு விசில்

வாடகை வீட்டை டவுன் பஸ் என்று மனதார நம்பிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு ஓனர். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ரிட்டையரானவர். தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. பஸ்ஸை நிறுத்தக் கத்திக் கத்தியே பெயராகிப்போன 'ஹோல்டான்' என்றால் பால்காரர்கூட வழி காட்டுவார்.

நான் மாற்றலாகி அங்கே போனபோது என் மனைவி சுமதிக்கு ஆறாம் மாதம். மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆசிரமம் பக்கத்துத் தரைத்தள வீடுகளையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். அலைந்து திரிந்து, கோயில் பக்கத்துத் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய வீடுகளில் ஒன்றின் கீழ்ப் போர்ஷன் கிடைத்தது. கீழ் என்றால் நிஜமாகவே கீழ். ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால் வாசலில் மூன்று படி இறங்க வேண்டும். ஜன்னலில் உட்கார்ந்தால் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். பின்னால் ஒரு துண்டுத் தோட்டம், அதில் ஒரு பவழமல்லி. சுமதி அந்த மரத்தைப் பார்த்தாள், வீடு முடிவாகிவிட்டது.

"எத்தினி டிக்கெட்டு?" என்றார் ஹோல்டான்.

"ரெண்டு பேருங்க."

சுமதி மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்தார். "ரெண்டு முழு டிக்கெட்டு, ஒரு கைக்கொழந்த. ஏறிக்குங்க."

இறங்கினோம்.

அன்று முதல் விசில் ராஜ்யம்தான். இரண்டு விசில் என்றால் மோட்டாரைப் போடு, ஒன்று என்றால் நிறுத்து. ஒட்டிய வீடுகள் ஆயிற்றே, மாடியிலிருந்து அவர் ஊதினால் வரிசையில் ஆறு வீட்டு மோட்டாரும் ஒன்றாக ஓடும். தோட்டத்தில் துணி உலர்த்த நாலு பேர் கூடினால், "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் காலியாத்தான கீது!" என்பார். சுமதி வாசற்படியில் கால் வைத்தால் போதும். "ஹோல்டான்! லேடீஸ் எறங்குறாங்க!" என்று அவர் போடுகிற சத்தத்தில் தெருவில் போகிற ஆட்டோக்கள் பிரேக் போடும்.

கார்த்திகை தீபம் நெருங்கியது. அப்போது அந்த ஊர் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடியிருப்பவர்களைப் பத்து நாள் ஊருக்கு அனுப்பிவிட்டு, வெளியூர்க்காரர்களுக்கு வீட்டை விடுவார்கள். "இவரும் வருசா வருசம் அனுப்பிடுவாரு. பையக் கட்டி வெச்சிக்கமா," என்று பக்கத்து வீட்டக்கா சுமதியிடம் சொல்லிவிட்டுப் போனார். சுமதிக்கு ஒன்பதாம் மாதம். அந்தக் கூட்டத்தில் அவளை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொன்னபடியே ஒருநாள் காலை, பெங்களூர்க் குடும்பம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார் ஹோல்டான். சுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "சார், இவளால இப்ப..." என்று ஆரம்பித்தேன்.

அவர் சுமதியைப் பார்த்தார். பிறகு நீளமாக ஒரு விசில் ஊதினார்.

"கீழ ஃபுல்லு. மேல ஏறுங்க!"

தன் வீட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பத்து நாளும் மாடிப்படிக்கு அடியில் சுருண்டு கிடந்தார். மழை வேறு. உள்ளே வந்து படுங்கள் என்று நான் கெஞ்சியதற்கு எரிந்து விழுந்தார்: "நெறமாசப் பொண்ண நடுவழியில எறக்கி வுட்டவன்னு எனக்குப் பேரு வரணுமா? போய்யா உள்ள!"

மகள் பிறந்தாள். நாலு வயது வரை அந்தத் தோட்டத்திலேயே வளர்ந்தாள். பிறகு எனக்கு மறுபடி மாற்றல் வந்தது.

"அர டிக்கெட்டு ஆவறதுக்குள்ள எறங்கறீங்களே," என்றார் ஹோல்டான். சாமான் வண்டியை "வரலாம், வரலாம்" என்று அவரே பின்னால் எடுக்கவைத்தார். கயிறு கட்டியதும் சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டவைத்தார்.

நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். அவர் விசிலை வாயில் வைத்தார். கன்னம் உப்பவில்லை. வைத்தபடியே நின்றார்.

"எடுக்கலாமாங்க?" என்றார் டிரைவர்.

"இருப்பா, ரெண்டு விசில் வரட்டும்," என்றேன். வரவே கூடாது என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன்.