அமெரிக்காவை முடுக்கியவர்

முடுக்குகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஷார்ஜா ரோலாவில் பஸ் ஏறும்போது முன்னால் நிற்பவரைப் பையால் லேசாக இடிப்பார்கள், ஏற்கெனவே இரண்டு பேர் அழுத்திச் சிவப்பாக எரியும் லிஃப்ட் பொத்தானைத் தாமும் நாலு தரம் அழுத்துவார்கள், தேநீர் சொன்ன வாய் மூடுமுன்பே "யல்லா பாய், யல்லா!" என்று அரபியில் அவசரப்படுத்துவார்கள், தாம் தள்ளாவிட்டால் பூமி சுற்றாது என்று மனமார நம்புவார்கள். கெட்டவர்களா? சேச்சே! உலகத்துக்கு உதவுகிறார்கள்.

கோபாலசாமிக்கு இது உத்தியோகமும்கூட. கோயமுத்தூர்க்காரர், வயது ஐம்பத்தெட்டு. ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில், ஆர்டர் கொடுத்த பம்புகளும் வால்வுகளும் சைட்டுக்கு வந்து இறங்கும்வரை விற்பவர்களைப் போனில் விரட்டுகிற வேலை. இருபத்தாறு வருஷமாக விரட்டுகிறார். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் அமெரிக்கா குறுக்கிட்டது.

மூத்த மகள் சம்யுக்தா நியூஜெர்சியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். கார்டு வரும்வரை வேலை பார்க்க ஓர் அனுமதி வேண்டும், நாட்டைவிட்டுப் போய்த் திரும்ப இன்னோர் அனுமதி வேண்டும். கையிலிருந்த வேலை அனுமதி மாதக் கடைசியோடு முடிகிறது. பயண அனுமதி இல்லாமல் விமானம் ஏறினாலோ, கிரீன் கார்டையே மறந்துவிட வேண்டியதுதான். இங்கே இளையவள் தன்யாவுக்கும் தோஹாவில் இருக்கும் வருணுக்கும் துபாயில் கல்யாணம். ஏழே வாரம்!

இரண்டு அனுமதியையும் சீக்கிரம் தரச் சொல்லி, சம்யுக்தா அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு முறையாக ஒரு விரைவுக் கோரிக்கை அனுப்பினாள். கூடவே மருத்துவமனை கொடுத்த கடிதம், கல்யாணப் பத்திரிகை. அப்பாவும் நிலவரம் பார்த்துக்கொள்ளட்டுமே என்று அந்த இணையதளத்தில் தன் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தாள்.

கொடுக்கலாமா?

தினமும் மாலை, அமெரிக்காவில் ஆபீஸ் திறக்கும் நேரம் பார்த்து, கோபாலசாமி மகள் பெயரில் ஒரு கோரிக்கை தட்டிவிட்டார். 'மணமகளுக்கு நான் ஒரே அக்கா' என்றார். 'என் தந்தை உணர்ச்சிவசப்படக்கூடியவர்' என்றார். பத்தாவது மனுவில் கை ஆபீஸ் பழக்கத்துக்குப் போய்விட்டது: 'பொருள் புறப்படும் தேதியை உடனே தெரிவிக்கவும். தாமதமானால் ஆர்டரை வேறு சப்ளையருக்கு மாற்ற நேரிடும்.'

இரண்டு வாரம் கழித்து சம்யுக்தா வீடியோவில் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, என் பேர்ல எத்தனை ரிக்வெஸ்ட் போட்டீங்க?"

"ஃபாலோ-அப் பண்ணினேன் கண்ணு."

"பதினாலுப்பா! இதுல எது நிஜமான ரிக்வெஸ்ட்னு கேட்டு லெட்டர் வந்திருக்கு. நான் பதில் சொல்ற வரைக்கும் எதுவும் நகராது. லாயர் தலைல கை வெச்சு உக்காந்திருக்காங்க. ஆமா, யாருப்பா அந்த வேற சப்ளையர்? கனடாவா?"

தன்யா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். அம்மா பிரபாவதி சிரிக்கவில்லை.

"ஏனுங்க, புள்ளைக்கு அங்க வேலை போகப் போவுது. நீங்க பம்பு வாங்கிட்டிருக்கறீங்களா?"

கோபாலசாமி இனிமேல் எதையும், யாரையும் முடுக்குவதில்லை என்று மகளுக்குச் சத்தியம் செய்தார். பாஸ்வேர்டு அன்றே மாறியது; முதல் கோரிக்கைதான் நிஜம் என்று பதிலும் போனது.

பிறகு அவர் பட்ட பாடு! லிஃப்ட் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மளிகைக்கடை வரிசையில் மூன்று பேரை முன்னால் விட்டார். "சார், டாக்டர்ட்ட காட்டினீங்களா?" என்று பக்கத்து மேஜை சதீஷ்குமார் கவலையோடு விசாரித்தார். போதாக்குறைக்கு, அவர் ஒரு போன்கூடப் போடாமலே பம்புகள் சொன்ன தேதியில் சைட்டில் வந்து இறங்கின. அது பெரிய அடி.

மாதம் முடிந்தது. சம்யுக்தா வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்தாள். அவள் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கோபாலசாமியைக் குடைந்தது. மகளை நேரில் பார்த்து நாலு வருஷம். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாதபோதுதான், அவள் வராமலே போய்விடுவாளோ என்று இத்தனை நாளும் தான் பயந்துகொண்டிருந்தது அவருக்கே தெரிந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு அனுமதியும் வந்தன, அவள் முதலில் அனுப்பிய அந்த ஒற்றைக் கோரிக்கைக்கு. பிரபாவதி அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தார். தன்யா சோபாமேல் ஏறிக் குதித்தாள். கோபாலசாமி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

விமான நிலையத்தில் மகளைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ஏன் கண்ணு இவ்வளவு லேட்டு?"

முகூர்த்தத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் மணையில் இருந்தார்கள். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிதானம் கோபாலசாமிக்குப் பொறுக்கவில்லை. அவரை அறியாமல் ஆள்காட்டி விரல் மேலே எழுந்தது. அவ்வளவுதான், மேளக்காரர்கள் கெட்டிமேளம் முழக்கிவிட்டார்கள்! அட்சதை பறந்தது. வருண் பதறிப்போய், இன்னும் தட்டிலேயே இருந்த தாலியைத் தாவி எடுத்தான். "நிறுத்துங்கோ! இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு!" என்று சாஸ்திரிகள் அலறினார். மண்டபமே சிரித்தது. சம்யுக்தா ஓடிவந்து அப்பாவின் விரலை இறுக்கிப் பிடித்தாள். நிஜ மேளம் கொட்டி, தாலி கட்டி முடிக்கும்வரை விடவில்லை. அவரும் உருவிக்கொள்ளவில்லை.

திருந்தினாரா என்றா கேட்கிறீர்கள்? மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்த மகளிடம் வந்தார்.

"ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு செக்-இன் பண்ணிட்டியா?"

"அப்பா, நான் கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு!"

"அதனாலென்ன? இப்பவே பார்த்து வெச்சா நல்லதில்லையா?"

சரி, கோபாலசாமியைப் பார்த்துச் சிரித்தது போதும். இந்தக் கதை எப்போது முடியும் என்று பாதியிலேயே கடைசிப் பத்திக்கு ஒரு நடை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனீர்களே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?