பல என்றால் எத்தனை?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். ஸ்டோர்க்காரர், அவர் மனைவி, மகள், மருமகன், மனைவியின் தம்பி, பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா. குமாஸ்தாவுக்கு ஓட்டு இல்லை. கூட்டத்தை நடத்திக் கொடுக்க வந்தவர். ஆக, ஓட்டு ஐந்து. ஜெயிக்க மூன்று வேண்டும். காலையிலிருந்து ஸ்டோர்க்காரர் இதைப் பதினொரு முறை கூட்டிப் பார்த்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தும் விதமாக ஒரு முறைகூட விடை மாறவில்லை.

தகராறு முன்னறையைப் பற்றியது.

போல்ட் கம்பெனி ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். வந்ததும் முன்னறையில் இருநூற்றுப் பதினான்கு டப்பாக்களை அடுக்கினார். திருகு, ஆணி, வாஷர், கொக்கி. ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. நடுவில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் யாரும் அவரை எதுவும் கேட்பதில்லை. கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் அப்படி ஓர் இடம் வாய்த்தது அதுதான் முதல் தடவை.

மனைவியின் தையல் மிஷின் இருந்ததோ சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள நடையில். யார் போனாலும் அவள் முழங்கையில் இடிப்பார்கள். தையல் கோணும். பள்ளிக்கூடச் சீருடை நாற்பது தைத்துத் தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். எட்டு கோணிவிட்டது. அறை வேண்டும் என்றாள். அவர் முடியாது என்றார். முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் ‘முடியாது’ என்று சொன்னது அது நான்காம் தடவை. முந்தைய மூன்றும் நிற்கவில்லை.

“நீங்க சொல்றதும் வேணாம், நான் சொல்றதும் வேணாம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வரட்டும். ஓட்டுப் போடட்டும்” என்றாள் மனைவி.

நான்கு பேர் முன்னால் நின்றால் ஸ்டோர்க்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குமாஸ்தாதான் வழி சொன்னார்.

“வாயால பேச வேணாம் சார். எழுதிப் படிச்சிடுங்க. நிலைப்பாட்டு அறிக்கைன்னு பேரு.”

“எப்படி எழுதணும்?”

“முதல் வரியிலேயே உங்க கட்சி என்னன்னு சொல்லிடணும். சுத்தி வளைக்கக் கூடாது. எதிராளி கட்சியை மறைக்காம எழுதி, அதுக்குப் பதில் சொல்லணும். அப்புறம் முக்கியமா ஆதாரம்.”

எதிராளி சமையலறையில் இருந்தாள். அவர் பேனாவோடு போய் நின்று அவளுடைய நிலைப்பாட்டைக் கேட்டார்.

“நிலைப்பாடா? நிலை உங்களுது, பாடு என்னுது. எழுதிக்கோங்க.”

“விளையாடாதே. உன் கட்சி என்ன?”

“இடிக்குது.”

“என் வாதமா?”

“என் முழங்கை. வாதம் அப்புறம் இடிக்கும்.”

மூன்று நாள் எழுதினார். இரண்டரைப் பக்கம் வந்தது. ஆதாரம் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. ‘இந்த அறையிலுள்ள பொருள்கள் சென்ற ஆண்டில் வீட்டுத் தேவைக்குப் பலமுறை பயன்பட்டன’ என்று எழுதி, ‘பல’ என்ற சொல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எண் தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் சங்கடம்.

இப்போது கூடத்தில் எழுந்து நின்று படித்தார். “முன்னறை இப்போது இருப்பது போலவே இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.” யாரும் சிரிக்கவில்லை. முழங்கைக்கு வந்தார். நடப்பவர்கள் வலது சுவரோரமாக நடந்தால் முழங்கைக்குப் பதினெட்டு அங்குலம் மிஞ்சும், அளந்து பார்த்தேன் என்று படித்தார். மைத்துனன் தலையாட்டினான். ‘பல’ வந்தது. அதை விழுங்கினாற்போல் வேகமாகத் தாண்டினார். கடைசி வரி: “இந்த வீட்டில் இதுவரை எனக்கென்று நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.”

மகள் கண்ணைத் துடைத்தாள். மருமகன் மகளைப் பார்த்துவிட்டுத் தானும் தலையாட்டினான். ஆட்டிய தலை இரண்டு, துடைத்த கண் ஒரு ஜோடி, தன் ஓட்டு ஒன்று. நான்கு! ஸ்டோர்க்காரருக்கு மூச்சு வந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள் மனைவி.

வந்த மூச்சு நின்றது. அவள் இப்படிப் பாராட்டி அவர் கேட்டதில்லை.

“ஒரே ஒரு சந்தேகங்க. ரெண்டாம் பக்கத்துல பலமுறைன்னு படிச்சீங்க. பலன்னா எத்தனை?”

“பலன்னா... பல.”

“மூணா, முப்பதா, முந்நூறா?”

“விடுக்கா. எழுத்துன்னா அப்படித்தான் எழுதுவாங்க” என்றான் தம்பி.

“மத்தவங்க எழுதலாம்டா. உன் மாமா எழுதுவாரா? ‘கொஞ்சம் போல்ட் தேவை’ன்னு சீட்டு எழுதினதுக்கு மேனேஜரையே திருப்பி அனுப்பினவரு.”

ஸ்டோர்க்காரர் காகிதத்தை இரண்டாய் மடித்தார். முப்பது என்று சொல்லிவிடலாம். யார் எண்ணப் போகிறார்கள்? முப்பது தொண்டைவரை வந்தது. பல்லைத் தாண்டவில்லை. ஐந்து ஜோடிக் கண்கள் அவர் மேல். முன்னறைக்குப் போனார். பொருள் எடுப்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் நோட்டோடு திரும்பினார்.

“ஏழு.”

“ஏழும் பலதான் மாமா! என் பையனுக்கு ஏழே பல்லு. அதை வெச்சுக்கிட்டு எல்லாரையும் கடிக்கிறான்” என்று மைத்துனன் முட்டுக் கொடுத்தான்.

“சரி, ஏழு. யார் எடுத்தாங்க, எதுக்குன்னும் எழுதியிருப்பீங்களே. படிங்க.”

“முதல்ல... நீ. திருகு ரெண்டு. தையல் மிஷின் மேஜை ஆட்டம்.”

“அடுத்தது?”

“நீ. வாஷர் ஒண்ணு. மிஷின்.”

“அப்புறம்?”

“நீ.”

“எதுக்கு?”

“மிஷின்.”

ஆறுவரை அப்படியே போனது. கையெழுத்தெல்லாம் அவளுடையது, அழகாக.

“ஏழாவது?”

“நான்.”

“எதுக்குங்க?”

அவர் குரல் நோட்டுக்குள்ளேயே விழுந்தது. “அந்த அறைக்குப் பூட்டு போட.”

மருமகன் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தான். மாறவில்லை.

“அப்பா, அப்போ போன வருஷம் பூரா அந்த ரூம் அம்மா மிஷினுக்குத்தானே வேலை பார்த்திருக்கு?” என்றாள் மகள்.

குமாஸ்தா தொண்டையைச் செருமினார். “ஆதாரம் ரொம்பப் பலமா இருக்கு சார். கட்சிதான் மாறிப்போச்சு. மிஷினுக்கு அறைங்கறவங்க கை தூக்கலாம்.”

நான்கு கை எழுந்தது. எல்லாரும் ஸ்டோர்க்காரரைப் பார்த்தார்கள். அவர் நோட்டைப் பார்த்தார். தன் கையால் எழுதிய கணக்குக்கு எதிராக அவர் எப்போதும் நின்றதில்லை. ஐந்தாவது கையும் எழுந்தது.

மைத்துனன் ஏணியைப் பிடித்தான். மருமகன் டப்பாக்களைப் பரணில் ஏற்றினான். மிஷின் திருகு டப்பா மட்டும் அறையிலேயே இருக்கட்டும் என்றாள் மனைவி. காலியான அறையின் நடுவில் நின்று ஸ்டோர்க்காரர் நோட்டில் எழுதினார்: ‘பரணுக்குப் போனது 213. அறையில் மிச்சம் 1.’

அறை வாசலில் மிஷினோடு காத்திருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“கணக்குத் தப்புங்க. மிச்சம் ரெண்டு. நீங்க இன்னும் வெளிய வரலை.”