ஏனெண்டால் அண்ணையின் மொழிக்கு இலக்கணம்

ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார் என்று ஏனெண்டால் அண்ணையின்மேல் யாழ்ப்பாணத்தில் எவரும் குற்றம் சுமத்த முடியாது. "பிளேன்ரீ குடிக்கிறியளோ?" என்று கேட்டால்கூட, "ஏனெண்டால், காலமை வரேக்கை கோப்பாய்ச் சந்தியிலை..." என்று தொடங்குவார். கதை சந்தியிலிருந்து மச்சானின் மிளகாய்த் தோட்டத்துக்குப் போகும். அங்கிருந்து தண்ணீர் மோட்டருக்குப் போகும். தேநீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். குடிப்பாரா மாட்டாரா என்பது மட்டும் தெரியவராது. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதை வரவுப் பதிவேட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கந்தோர் நகரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் இருந்தது. ஏழு பேர், ஆறு கதிரை. ரியூட்டரி என்கிற தனியார் வகுப்புகளுக்கு நேரசூசி போட்டுக் கொடுக்கும் மென்பொருள்தான் எங்கள் தொழில். எந்த ஆசிரியர் எந்த நாள் எந்த வகுப்புக் கொட்டிலில் பௌதிகம் படிப்பிக்கிறார் என்று அது சொல்லும். அதை ஏனெண்டால் அண்ணை தானே உண்டாக்கிய ஒரு கணினி மொழியில் எழுதியிருந்தார். உலகத்தில் இருக்கிற கணினி மொழிகள் போதாதோ என்று யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்தப் பதில் முடிந்திருக்கவில்லை.

ஒரு வெளிநாட்டுக் கம்பனி எங்கள் மென்பொருளை எடுக்க முன்வந்தது. ஒரேயொரு நிபந்தனை. நிரல் முழுவதையும் அவர்கள் பாவிக்கிற கருவியில் போட்டு, வரிகளை ஒழுங்காக உள்தள்ளி அடுக்கிக் கொடுக்கவேண்டும். அந்தக் கருவிக்குப் பேர்போன மொழிகள் எல்லாம் தெரியும். அண்ணையின் மொழி தெரியாது. ஆகவே அதன் இலக்கணத்தை ஒரு கோப்பில் எழுதிக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். எவை கட்டளைச் சொற்கள், கணினி கவனிக்காமல் விடவேண்டிய குறிப்பு எங்கே தொடங்கும், ஒரு பகுதி எங்கே திறந்து எங்கே மூடும், எல்லாம். வெள்ளிக்கிழமைக்குள் வேணும், இல்லாவிட்டால் மேல்மாடியைப் பூட்டவேண்டியதுதான் என்றார் பொஸ். வேலை என்னிடம் வந்தது. "அரை நாள் வேலை" என்றேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

திங்கட்கிழமை காலையில் அண்ணைக்குப் பக்கத்தில் கொப்பியோடு போய் இருந்தேன்.

"அண்ணை, உங்கடை மொழியிலை குறிப்பு எப்பிடித் தொடங்கும்?"

"ஏனெண்டால், முதல் நட்சத்திரக் குறி போட்டனான். பிறகு பெருக்கலுக்கும் அது தேவைப்பட்டிட்டுது."

"அப்ப ரண்டையும் எப்பிடிப் பிரிக்கிறது?"

"வரியின்ரை தொடக்கத்திலை வந்தால் குறிப்பு. நடுவிலை வந்தால் பெருக்கல்."

"வரியின்ரை தொடக்கத்திலை பெருக்கல் வந்தால்?"

"வராது."

"ஏன் வராது?"

"நான் அப்பிடி எழுதமாட்டன்."

அதையும் எழுதிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கருவியை ஓடவிட்டேன். ஒவ்வொரு வரியும் முந்தின வரியைவிட நாலு எழுத்துத் தள்ளி, வலப்பக்கமாக நடந்து, திரையை விட்டே வெளியேறியது. பொஸ் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இது ஏன் கிழக்காலை சாவகச்சேரிப் பக்கம் போகுது?" என்றார். திறந்த பகுதிகள் மூடப்படவில்லை. மூடுவதற்கு 'முடி' என்ற சொல் என்று அண்ணை சொல்லியிருந்தார். ஆனால் சில இடங்களில் 'எல்லாம் முடி' என்று கிடந்தது. அது திறந்து கிடக்கிற அத்தனையையும் ஒரேயடியாக மூடுமாம்.

"அதேன் அண்ணை அப்பிடி?"

"ஏனெண்டால், அண்டைக்குப் பத்து மணிக்குக் கரண்ட் வெட்டப் போகினம் எண்டு தெரியும். ஒவ்வொண்டா மூட நேரமில்லை."

அதையும் திருத்தினேன். இப்போது வரிகள் இடப்பக்கம் பாய்ந்து ஒட்டிக்கொண்டன. நேரசூசியில் முடியப்பு சேர் என்று ஒரு கணித ஆசிரியர் இருந்தார். அவருடைய பெயரிலுள்ள 'முடி'யைக் கண்டதும் கருவி எல்லாம் முடிந்ததென்று நினைத்துவிட்டது. அந்த மனுசன் எத்தனை ரியூட்டரிகளில் படிப்பித்தாரோ அத்தனை இடத்திலும் நிரல் உடைந்தது.

புதன்கிழமை நாற்பது கேள்விகளை எழுதி அவரிடம் நீட்டினேன். இதுவா அதுவா என்று கேட்கும் கேள்விகள். பின்னேரம் தாள் திரும்பி வந்தது. நாற்பதுக்கும் ஒரே பதில்: ஓம்.

அன்று எனக்குத் தலை வேலை செய்யவில்லை. சாவகச்சேரியிலுள்ள வீட்டுக்குப் போகவேண்டிய நான் ஒற்றை மேற்கோளையும் இரட்டை மேற்கோளையும் யோசித்தபடி எதிலோ ஏறி இருந்துவிட்டேன். காற்றில் கருவாடு மணத்தபோதுதான் நிமிர்ந்தேன். பருத்தித்துறை. எங்கள் பக்கம் போகிற கடைசி பஸ் போய்விட்டது. வீட்டுக்கு போன் எடுத்தால் அப்பா ஏசுவார். அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, நான் பருத்தித்துறையிலை நிக்கிறன்."

"ஏன்?" என்றார். அவர் வாயிலிருந்து வந்த மிகச் சிறிய வசனம் அதுதான்.

உரும்பிராயிலிருந்து மோட்டச் சைக்கிளில் வந்தார். மனைவியின் ஹெல்மெட்டை என்னிடம் தந்தார். புறப்படாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உம்மட்டை ஒண்டு சொல்லவேணும். நீர் கேக்கிற ஒண்டும் எனக்குத் தெரியாது."

"உங்கடை மொழிதானே அண்ணை."

"ஓம். கை எழுதும். என்ன சட்டம் எண்டு கேட்டால் தெரியாது. ஏனெண்டால் எண்டு தொடங்கினால் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். பள்ளிக்கூடத்திலை பழகினது. தெரியாது எண்டு சொன்னால் அங்கை அடி விழும்."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். மூன்று நாளாக என்னைப் பைத்தியமாக்கியவர். ஆனால் ஐம்பதை நெருங்கிய ஒரு மனுசன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று அதைச் சொன்னபோது, கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொடிகாமம் வழியாக வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அண்ணை, புதுசா ஒரு நேரசூசி எழுதுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து எழுத்தாகப் பார்த்துக் குறித்தேன். அந்தக் கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. 'முடி'க்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டது. வரியை நட்சத்திரத்தோடு தொடங்கினால் குறிப்புத்தான் எழுதியது. மனுசன் சொன்னதெல்லாம் குழப்பம். கை செய்ததெல்லாம் சட்டம். மத்தியானத்துக்குள் பதினொரு கட்டளைச் சொற்களும் ஐந்து விதிகளும் கிடைத்தன.

வெள்ளிக்கிழமை காலை கருவியை ஓடவிட்டேன். வரிகள் வெங்காயப் பாத்தி மாதிரி அடுக்கடுக்காக நின்றன. முடியப்பு சேரும் தன் கொட்டிலில் பத்திரமாக இருந்தார். அண்ணை நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

"இது ஆற்றை?"

"உங்கடைதான் அண்ணை."

"வடிவாத்தான் எழுதியிருக்கிறன்" என்றார், நம்பாதவர்போல. கம்பனி ஏற்றுக்கொண்டது. பொஸ் எல்லாருக்கும் மட்டன் றோல்ஸ் வாங்கித் தந்தார்.

அந்த இலக்கணக் கோப்பின் முதல் வரியில் எழுதியவர் பெயர் போடவேண்டும். நான் அவருடைய முழுப்பெயரைப் போட்டேன். திங்கட்கிழமை பார்த்தால் அதில் என்னுடைய பெயர் இருந்தது. திரும்ப மாற்றினேன். அடுத்த கிழமை மறுபடியும் என் பெயர். இதைப்பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

நான் இப்போது வேறு கந்தோரில். அந்தக் கோப்பைத் திறக்கும் அனுமதியை அவர்கள் இன்னும் எடுத்துவிடவில்லை. போன மாதம் பார்த்தேன். என் பெயர்தான் இருக்கிறது. ஒருநாள் அதை மாற்றிவிட்டு, அவர் திருப்பி மாற்றும்வரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்போல் இருக்கிறது.