சொல்லிட்றேன் மாஸ்டரும் ஒரு கமர்கட்டும்

இந்தத் தேசத்தில் எத்தனையோ மந்திரவாதிகள் இருந்திருக்கலாம். ஆனால் தன் வித்தையின் ரகசியத்தைத் தானே போட்டு உடைக்காமல் மேடையை விட்டு இறங்க முடியாத மந்திரவாதி ஒரே ஒருவர்தான். அவர் திண்டிவனத்தில் இருந்தார், எனக்கு வாத்தியாராகவும் இருந்தார். இல்லை, எங்கள் ஊரிலும் ஒருவர் உண்டு என்று யாராவது கிளம்பினால் என்னோடு வாதத்துக்கு வரட்டும், ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. 'சொல்லிட்றேன் மாஸ்டர்' என்றால் குதிரை வண்டிக்காரன்கூட வழி காட்டுவான். ஒல்லி உடம்பு, சித்திரை வெயிலிலும் கழற்றாத கறுப்புக் கோட்டு. வெறுங்கையை விரித்துக் காட்டுவார், மூடுவார், திறந்தால் முட்டை இருக்கும். பார்த்தவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். அவ்வளவுதான், மாஸ்டர் முகம் வாடிவிடும். "இருங்க, சொல்லிட்றேன்" என்று கோட்டுக் கையைத் திருப்பி, உள்ளே தைத்திருக்கும் பையைக் காட்டிவிட்டுத்தான் நகர்வார்.

கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெறும் தகரக் குழாயிலிருந்து பட்டுத் துணியாக இழுத்துக்கொண்டே இருந்தார். கூட்டம் மூச்சு விடவில்லை. மாஸ்டர் தொண்டையைச் செருமியதும் வீட்டுக்கார பாய் எழுந்து கும்பிட்டார்.

"மாஸ்டர், உங்களுக்குப் புண்ணியமா போவும், சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் ஆச்சரியப்பட்டுக்கினு இருக்கோம்."

சொல்லிவிட்டார். குழாய்க்குள் இன்னொரு குழாய் இருந்தது. பாய் பிரியாணி போட்டு அனுப்பினார், மறுபடி கூப்பிடவில்லை.

இப்படியே ஊர் ஊராகச் சொல்லித் தீர்த்தால் பிழைப்பு எப்படி நடக்கும்? மயிலம் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ராஜவேலுதான் ஒரு வழி சொன்னான். "மாஸ்டர், உங்களால சொல்லாம இருக்க முடியாது. அப்ப சொல்லித் தர்றதையே தொழிலா வெச்சிக்கினா இன்னா?" அந்த வார்த்தையில் பிறந்ததுதான் திண்டிவனம் 'அகில உலக மாயாஜாலக் கல்லூரி'.

கல்லூரி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி ஒன்றின் மேல் மாடி, சாக்கு மூட்டைதான் பெஞ்சு. அகில உலகத்திலிருந்தும் சேர்ந்த மாணவர்கள் மூன்று பேர். கண்டக்டர் ராஜவேலு ஒருவன். ஓட்டலில் தோசை ஊற்றும் கண்ணையன் இன்னொருவன். வீட்டில் பெண்டாட்டி அஞ்சலையிடம் மாலையில் மாவாட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வருவான். மூன்றாவது நான். விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. ஆபீஸில் நான் லீவு போட்டால்கூட யாருக்கும் தெரியாது. ஒரு புறாவையாவது பறக்கவிட்டுப் பெயர் வாங்கலாம் என்று பாசஞ்சர் ரயில் ஏறி வந்து சேர்ந்தேன்.

கல்லூரிக்குச் சீருடை உண்டு. மாஸ்டரின் கறுப்புக் கோட்டுதான் அது. யாருடைய முறையோ அவன் மாட்டிக்கொள்ள வேண்டும். கோட்டு ராஜவேலுவின் வயிற்றில் பூட்டிக்கொள்ளாது, எனக்கு முழங்கால் வரை தொங்கும். கண்ணையனுக்கு முட்டை வித்தை எத்தனை தரம் சொல்லித் தந்தும் கைவரவில்லை; அடுப்படிப் பழக்கம், கை தானாக முட்டையை உடைத்துவிடும். கோட்டைத் துவைத்துத் துவைத்து மாஸ்டருக்குத்தான் கை தேய்ந்தது.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த கல்லூரிக்கு மண்டிக்காரர் ரூபத்தில் சனி வந்தது. மாஸ்டரிடம் அவருக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. சம்பந்தம் பேச வந்த விழுப்புரத்துக்காரர்களை மாடிக்கு அழைத்து வந்து, "நம்ம கட்டடத்துல மந்திரவாதியே குடியிருக்காரு" என்று பெருமை அடித்திருந்தார். மாஸ்டர் அவர்களுக்கு ஒரு வித்தை காட்டி, கையோடு சொல்லியும் கொடுத்துவிட்டார். சம்பந்தியம்மா அங்கேயே அதைச் செய்து காட்ட, மண்டிக்காரரின் பெருமை காற்றில் போயிற்று.

"புது மல்லாட்டை வரப்போவுது, எனக்கு மாடி வேணும்" என்றார் ஒருநாள். மாஸ்டர் முகம் போன போக்கைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஒண்ணு செய்ங்க. எம் பொண்ணு கல்யாணத்துல அதே சம்பந்திங்க முன்னாடி ஒரு பெரிய வித்தை பண்ணுங்க. பண்ணிட்டு வாயத் தொறக்காம எறங்கி வந்துடுங்க. மாடி உங்களுக்கு. வாயத் தொறந்தீங்க, மூட்டைய கட்டிக்கினு கெளம்பிடணும்."

ஆளை இரண்டாக அறுக்கும் வித்தை என்று முடிவாயிற்று. இரண்டு பெட்டி. தலைப் பக்கத்துப் பெட்டியில் கண்ணையன் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடப்பான். கால் பக்கத்துப் பெட்டியில் நான் முன்கூட்டியே ஒளிந்திருந்து காலை மட்டும் நீட்டுவேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சிவப்புக் காலுறை. பெட்டிகளைச் சேர்த்து வைத்தால் ஒரே ஆள் படுத்திருப்பது போல இருக்கும். ரம்பம் வெறும் பலகையைத்தான் அறுக்கும்.

வித்தை சுலபமாக வந்துவிட்டது. மாஸ்டரின் வாயை அடைப்பதுதான் பெரும்பாடு. அவர் "இருங்க" என்று ஆரம்பித்ததும் ராஜவேலு விசில் ஊதிப் பார்த்தான். விசில் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு மிச்சத்தைச் சொன்னார். வாயில் தண்ணீரை வைத்துப் பார்த்தோம், விழுங்கிவிட்டுச் சொன்னார். கடைசியில் கண்ணையன்தான் கமர்கட்டைக் கண்டுபிடித்தான். பல்லோடு ஒட்டிக்கொள்ளும் நல்ல முரட்டு வெல்லக் கமர்கட். கன்னத்தில் அதை அடக்கிக்கொண்டால் மாஸ்டர் கப்சிப்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்தல் கொள்ளாத கூட்டம். மாஸ்டர் கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். நான் பெட்டிக்குள் இருட்டில் கிடந்தேன். எனக்குக் காதும் காலும்தான். கண்ணையன் சிவப்புக் காலுறையோடு வந்து படுத்தான். ரம்பம் கரகரவென்று ஓடியது. பெட்டிகள் இரண்டும் தனித்தனியாக நகர்ந்தன. பந்தலில் ஊசி விழுந்தால் கேட்கும். கல்லூரி பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்க வந்திருந்த அஞ்சலை, என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். மாவாட்டப் போன புருஷன் மேடையில் இரண்டு துண்டாகக் கிடக்கிறான்.

"அடப்பாவிங்களா, எம் புருசன அறுத்துப் போட்டுட்டீங்களே" என்று அலறிக்கொண்டு மேடைக்கே ஓடி வந்துவிட்டாள்.

கண்ணையனுக்குத் தலை வெளியில்தானே இருக்கிறது, சும்மா இருக்கலாமா? "அஞ்சல, கூச்சல் போடாத. நான் நல்லாதான் இருக்கேன்" என்றான்.

"ஐயோ, தல பேசுதே" என்று அவள் இந்தப் பக்கம் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். காலென்றால் என் கால். "இந்தக் காலுக்கு எத்தினி தபா வெளக்கெண்ண போட்டு அமுக்கி உட்டிருப்பேன்" என்று அழுதுகொண்டே அமுக்க ஆரம்பித்துவிட்டாள். நானோ உள்ளங்காலில் ஈ உட்கார்ந்தாலே துள்ளிவிடுவேன். சிரித்தால் கல்லூரி போய்விடும், அசைந்தாலும் போய்விடும். மேல்துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். பந்தல் முழுவதும் சிரிப்பு. இதுவும் வித்தையில் சேர்ந்தது என்று எல்லோருக்கும் நினைப்பு. அவள் கண்ணீர் மட்டும் என் காலுறையைச் சுடச்சுட நனைத்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், பேச்சு ஞாபகம் இருக்கட்டும்" என்று முன்வரிசையிலிருந்து மண்டிக்காரர் குரல் வந்தது. ராஜவேலு விசிலை எடுத்து விடாமல் ஊதினான். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் பெட்டிக்குள் எனக்கு ஒரு சத்தம் தெளிவாகக் கேட்டது. கடக். கமர்கட் உடைந்த சத்தம்.

"அழாதம்மா. இரு, சொல்லிட்றேன்."

இரண்டு பெட்டியையும் திறந்துவிட்டார். கண்ணையன் உருண்டு வெளியே வந்தான். அஞ்சலை அவனைப் பார்த்தாள், தன் கையில் இருந்த காலைப் பார்த்தாள், அந்தக் கால் வழியே மெல்ல மேலே ஏறி என் முகத்தைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"கூட்ஸ் ஆபீசு குமாஸ்தாம்மா" என்றார் மாஸ்டர்.

காலைத் தணலைப் போடுவது போலக் கீழே போட்டாள். மாஸ்டர் அவளுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பெட்டி, பலகை, ரம்பம் ஒவ்வொன்றாகக் காட்டினார். "வயிறு முழுசா இருக்குது பாரும்மா, தொட்டுப் பாரு" என்றார். அவள் சம்பந்திகள் முன்னால் புருஷன் வயிற்றை நன்றாகத் தடவிப் பார்த்து, முழுசாக இருப்பது உறுதியான பிறகு, "மாவாட்ற லட்சணமா இது" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

மண்டிக்காரரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஆனா பேச்சு பேச்சுதான்" என்றார். மாஸ்டர் தலையாட்டினார். ராஜவேலுவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு இருந்திருக்கக்கூடாதா மாஸ்டர்? அப்புறமா தனியா கூப்ட்டுச் சொல்லியிருக்கலாமே."

"அந்தக் கொஞ்ச நேரம் அந்தம்மாவுக்கு அவரு செத்துப்போய்ட்டாருப்பா" என்றார் மாஸ்டர். "அத்த எப்பிடி நான் பாத்துக்கினு நிக்கறது?"

ராஜவேலு விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எனக்கு அன்று அவர் மேல் வந்த மரியாதை வேறு எந்த வாத்தியார் மேலும் வந்ததில்லை.

அந்த வாரமே தெற்கே ஏதோ நாடகக் கம்பெனியில் திரை இழுக்கும் வேலைக்குக் கிளம்பிவிட்டார். விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும். நான் காதில் பென்சிலோடு பிளாட்பாரத்துக்கு ஓடினேன். கையில் அஞ்சலை கட்டிக்கொடுத்த கேப்பை அடை மூட்டையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

வண்டி ஊதியது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்தார். பென்சில் இல்லை. கோட்டுக் கையை அவரே உருவிக் காட்டினார், அங்கேயும் இல்லை. நான் வாயைப் பிளந்தேன். அவர் முகம் வழக்கம் போல வாடியது, உதடு "இரு" என்று குவிந்தது. சொல்லப்போகிறார் என்று நான் ஜன்னலோடு கூடவே நடந்தேன். மனிதர் பையில் கையை விட்டு ஒரு கமர்கட்டை எடுத்து, என்னிடம் காட்டி, வாயில் போட்டு அடக்கிக்கொண்டார். ஒரு கன்னம் வீங்கிக் கண் இரண்டும் சிரிக்க, வண்டி போயே போய்விட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ பென்சில் வாங்கிவிட்டேன். காதில் செருகும்போதெல்லாம் கை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்கிறது. இத்தனை வருஷத்தில் அந்தக் கமர்கட் கரைந்திருக்கும், மாஸ்டர். ஒரு நடை வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.