பெரிய போன்காரர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் அவருடைய போனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

வயிற்றில் ஒரு சின்ன ஆபரேஷன். தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் வளையலைக் கழற்றச் சொன்னார், கழற்றிக் கொடுத்தாள். தோட்டைக் கேட்டார், கொடுத்தாள். கடைசியில் தலையணைக்கு அடியில் கைவிட்டுத் தன் போனை எடுத்து அவருடைய சட்டைப் பையில் செருகினாள்.

"இதையும் வச்சுக்குங்க."

"என்கிட்டதான் போன் இருக்கே."

"இருக்கு, இருக்கு. பெரிய போன். டாக்டர் கூப்பிடுற நேரம் பார்த்து அது படுத்துக்கும். இந்த சாதா போனாவது முழிச்சிருக்கட்டும்."

நர்ஸ் சிரித்துவிட்டார். கதவுவரைக்கும் அவளும் சிரித்துக்கொண்டேதான் போனாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், இதயம்தான் ஒத்துழைக்கவில்லையாம். அவரைக் கீழே வரச்சொல்லி அழைப்பு வந்தது சாதா போனில். பெரிய போன் அதற்குள் படுத்துவிட்டிருந்தது.

பெரிய போன், சாதா போன் என்று நாலு வருஷமாக அந்த வீட்டில் பேச்சு. அதில் எது பெரியது, எது சாதா என்ற உண்மை தனக்கு மட்டுமே தெரியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் இரண்டு பேர் போனும் செத்துப்போனது. அவளுடையது துணி ஊறிய வாளிக்குள் விழுந்தது. அவருடையது பேட்டரி வீங்கி, கர்ப்பிணி மாதிரி பின்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது.

"ரெண்டு பேருக்கும் விலை குறைஞ்சதா ஒவ்வொண்ணு வாங்கிடுங்க. பேசத்தானே போறோம்?" என்றாள்.

அவருக்கு அப்படிப் பேசி முடித்துவிட முடியவில்லை. எதிர்க்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போன் பல நாளாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் விலைக்கு மற்றதில் நாலு வாங்கலாம். கண்ணாடிக்காரருக்குத் தெளிவு என்றால் உயிர். அந்தப் போனில் எடுத்த படத்தில் எறும்பின் மீசைகூடத் தெரியும் என்று கடைக்காரன் சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. எறும்பின் மீசையைப் பார்த்து என்ன செய்யப்போகிறோம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு, விலை கூடியது ஒன்று, குறைந்தது ஒன்று என்று முடிவானது. ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எதையும் இரண்டாக வாங்கி வந்தால், கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக்கூடாது, மற்றவர்தான் முதலில் எடுக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் இரண்டு குடை வாங்கி வந்து, கம்பி வளைந்ததை அவள் பக்கம் தள்ளிவிட்டதற்காக அவர் மேல் போடப்பட்ட சட்டம் அது.

சட்டப்படி பெரிய போன் அவளுக்குப் போய்விடும். யோசித்தார். யோசித்ததில் அவரே அசந்துபோகிற மாதிரி ஒரு வழி தோன்றியது.

கடையைப் பூட்டிக்கொண்டு, லென்ஸ் மாட்டுகிற மேஜையில் இரண்டு பெட்டியையும் வைத்தார். ஸ்குரூ தூக்குகிற இடுக்கியால் ஒட்டுக்களை நோகாமல் பெயர்த்தார். விலை உயர்ந்த போனைச் சாதாப் பெட்டிக்குள்ளும், சாதா போனை விலை உயர்ந்த பெட்டிக்குள்ளும் குடிவைத்தார். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் தடிமனான உறை ஒவ்வொன்று போட்டாயிற்று. மேஜை இழுப்பறையில் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த டேப் இருந்தது. அதை எடுத்துப் பெட்டிகளை மறுபடி ஒட்டினார். அவள் பெருமையாகப் பெரிய பெட்டியை எடுப்பாள், நாம் தியாகியாகச் சாதாப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். நல்ல போனும் கிடைக்கும், நல்ல பெயரும் கிடைக்கும். வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு நடந்தார்.

அவள் பார்சல் ஆபீஸில் கவுன்டர் வேலை பார்ப்பவள். பெட்டிகளைக் கையில் வாங்கியதும் பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றையும் எடை பார்ப்பதுபோலத் தூக்கினாள். ஓரங்களைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குங்க பெரிய போன்? நாலு பேர் வந்து போற கடையில உட்கார்றீங்க. நீங்க வச்சுக்குங்க. எனக்கு இது போதும்."

சாதாப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"இல்லம்மா, நீதான்..."

"கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக்கூடாது."

"அதுக்கில்ல, உனக்கு ஒரு நல்லது..."

"சட்டம்னா சட்டம்."

அன்றிலிருந்து அவர் பெரிய போன்காரர் ஆனார். அவள் தியாகி ஆனாள். அவர் போட்டுவைத்த நாற்காலியில் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் வந்தவன் மைத்துனன்.

"என்ன அத்தான், அக்காவுக்கு ஒரு டப்பாவை வாங்கிக் குடுத்துட்டு நீங்க மட்டும் ராஜா போன் வச்சிருக்கீங்களாம்?"

"அவளேதான் எடுத்துக்கிட்டா."

"எடுத்துக்குவா. அவ குணம் அது. உங்க குணம் என்னன்னு இப்பத்தானே தெரியுது."

அக்கா பாவம்போலச் சிரித்து, "விடுடா. அவராவது நல்லதா வச்சிருக்கட்டும்" என்றாள். அவருக்குத் தொண்டைவரைக்கும் உண்மை வந்தது. அதைச் சொன்னால் பெட்டி மாற்றிய கதையையும் சொல்ல வேண்டும். விழுங்கினார்.

வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "பெரிய போன்ல எடுங்க" என்பார்கள். எடுப்பார். எல்லோரும் குளித்துவிட்டுத் துவட்டாமல் நிற்பதுபோலப் படம் விழும்.

"அம்மாவோட சாதா போன்லயே பளிச்சுன்னு வருதேப்பா" என்றாள் மகள்.

"போன்ல என்னடி இருக்கு? கை நடுங்காம இருக்கணும்" என்றாள் தாய்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவரே இறங்கி வந்தார்.

"இது ரொம்பக் கனமா இருக்கு. மாத்திக்கலாமா?"

"நல்லா இருக்கே. பொண்டாட்டி புருஷன் போனைப் பிடுங்கிக்கிட்டான்னு பேசவா? வேணாங்க. எனக்கு இதுவே பழகிடுச்சு."

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது அவர் கடையிலேயே நடந்தது. மூக்குக்கண்ணாடிக்குப் பவர் பார்க்க அவள் வந்திருந்தாள். பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர் வழக்கம்போல லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, நாள் முழுக்கக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"இதுவா, அதுவா? எது தெளிவு?"

அவள் பதில் சொல்லி முடித்தாள். நாற்காலியை விட்டு இறங்கவில்லை. மேஜை மேலிருந்த அவருடைய போனை ஒரு கையிலும் தன் போனை மறு கையிலும் தூக்கிப் பிடித்தாள். இரண்டிலும் மகளின் ஒரே படம்.

"இப்ப நீங்க சொல்லுங்க. இதுவா, அதுவா?"

முப்பது வருஷத் தொழில். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவளுடைய போனைக் காட்டினார்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "விலை கூடின போன் இவருக்கு மங்கலாத் தெரியுதாம்."

"அப்ப கண்ணுலதான் கோளாறு" என்றார் ஒருவர்.

"ஊர்க் கண்ணையெல்லாம் பார்க்கிறவர், தன் கண்ணைப் பார்த்துக்க வேணாமா?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எழுந்து, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கண் சரியில்லாதவரிடம் யார் கண்ணைக் காட்டுவார்கள்? பிழைப்பு போய்விடும். மறுநாள் காலையில் கண்ணாடிக்கடைக்காரர் பவரே இல்லாத வெறும் கண்ணாடியைச் சட்டத்தில் மாட்டித் தன் மூக்கில் ஏற்றிக்கொண்டார். கேட்டவர்களிடமெல்லாம், "இப்ப போன் பளிச்சுன்னு தெரியுது" என்றார். வீட்டுக்குப் போனதும் அவள் உற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. கழட்டிடாதீங்க."

அவர் கழற்றவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல் வைத்திருந்தார். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது, கையில் இருப்பது என்னவென்று தெரியாமலே வைத்திருக்கிறாள் என்று. ஏமாற்றியவன் என்ற பட்டம் தனக்கு இருக்கிறது, அதை யாரும் பிடுங்க முடியாது.

அவள் போய் ஒரு மாதம் கழித்து, அந்த சாதா போன் அவர் பையிலிருந்து விழுந்தது. மேலே ஒட்டியிருந்த கண்ணாடித் தகடு கீறிவிட்டது. எதிர்க்கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரன் உறையைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. மேல் தட்டிலிருந்து விலை உயர்ந்த போனுக்கான தகட்டை எடுத்தான்.

"தம்பி, இது சாதா போன்" என்றார் பழக்கத்தில்.

"என்கிட்டயுமா அண்ணே? நீங்க வாங்கிட்டுப் போன மறுநாளே அக்கா வந்து, மாடல் பேரைச் சொல்லித்தானே இதுக்குத் தகடு கேட்டாங்க. யார் கேட்டாலும் சாதா போன்னு சொல்லச் சொன்னாங்க."

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ஒட்டின டேப்பாம் அண்ணே. அவங்க பார்சல் ஆபீஸ் டேப். ஓரத்துல ஆபீஸ் பேர் பொடியா அச்சடிச்சிருக்குமாம். பெட்டியைச் சுத்தி ஒட்டி வச்சிருக்காரு, கண்ணாடிக்காரருக்கு அதுகூடத் தெரியலன்னு சிரிச்சாங்க. சிரிச்சு சிரிச்சு இந்த ஸ்டூல்லதான் உட்கார்ந்தாங்க."

கண்ணாடிக்கடைக்காரர் அந்த ஸ்டூலைப் பார்த்தார். பிறகு கடைக்குத் திரும்பி, இழுப்பறையைத் திறந்து, டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தெரியவில்லை. மூக்கிலிருந்த வெறும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பவர் உள்ள ஒன்றை மாட்டிப் பார்த்தார். தெரிந்தது.

இப்போது அவரிடம் இரண்டு போன் இருக்கின்றன. அவளுடையதில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் நிற்கிறது. அவருடையது மதியத்துக்குள் படுத்துவிடுகிறது.